மூடாத கோடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூன்று மிஸ்டு காலிலிருந்து வந்தது. மூன்றும் ஒரே ஒரு ரிங்கோடு நின்றுபோனவை. அவற்றைப் பார்த்து நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததால்தான் இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் தெய்வசிகாமணி. போர்வெல் வண்டியில் பைப் மாட்டுகிற வேலை. ஊர் கல்வராயன் மலையில், கரியாலூருக்கும் மேலே. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. லாரியின் டூல்ஸ் பெட்டியில் யாரோ விட்டுப்போன பழைய வார இதழ்களைப் படித்துப் படித்து எழுதப் பழகினேன். வண்டியில் எல்லாரும் என்னை ரைட்டர் என்பார்கள். அதில் பாதி கிண்டல். மீதிப் பாதி என்னவென்று நான் கேட்டதில்லை.

இதை ரயிலில், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ராய்ப்பூரில் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மனைவி எழில்மதி படுத்திருக்கிறாள். அவளுடைய மூளைக்குள் வைரஸ் போய்விட்டது. நான் போய் அவள் முன்னால் நிற்கும்போது என்னை யார் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தக் கதையில் இருப்பது இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றி நான் நடக்கிற நடை.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"மலையில் பனி இறங்கிய மாலை ஒன்றில், மரவள்ளிக் காட்டிலிருந்து எழில்மதி தலையில் கூடையோடு" [விட்டுவிட்டேன். நான் அங்கே இல்லை. பனி இறங்கியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் தலையில் கூடை வைக்கமாட்டாள். இடுப்பில்தான் வைப்பாள். பக்கத்தில் இல்லாதவன் எழுதுகிற வரி இப்படித்தான் பொய்யாகிறது.]

"மனித மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள்" [இதையும் விட்டுவிட்டேன். ஆறு நாள் செல்போனில் படித்ததைக் காட்டிக்கொள்கிற வரி.]

"அவளுடைய நெற்றியில் ஒரு சிங்கம் இருந்தது."

இது நிஜம். இதிலிருந்து போகலாம்.

3

சிங்கத்துக்கு முன்னால் ரிங் கணக்கைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் டவர் கிடைக்காது. ரோட்டு வளைவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். அந்த ஒரு கோட்டில் பேச்சு போகாது. வார்த்தை துண்டு துண்டாக விழும். ஆனால் ரிங் போகும். கல்யாணமான முதல் வருஷமே எழில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டாள். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், நல்லா இருக்கேன். இரண்டு ரிங் விட்டால், கரியாலூர் கடைத்தெருவுக்கு இறங்கிப் போகிறேன், அங்கே பேச்சு கேட்கும், அரைமணி கழித்துக் கூப்பிடு. மூன்று ரிங் விட்டால் கஷ்டம், யாரையாவது பிடித்து உடனே சேதி கேள்.

நான் எடுக்கவே கூடாது. அதுதான் சட்டம்.

நாலு ரிங்குக்கு என்ன என்று கேட்டேன்.

"மூணுக்கு மேல போச்சின்னா உனக்கு கை சும்மா இருக்காது மாமா. நீ எடுத்துடுவ. அப்பறம் அது இன்னா மிஸ்டு காலு?" என்றாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மிஸ்டு கால் விட்டுக் காசு மிச்சம் பிடித்த காலம் போய்விட்டது. இப்போது பேச்சு இலவசம். ஆனால் மலைக்கு மேலே இன்னும் ரிங்தான் பேச்சு. இதைப் பழைய காலக் கதை என்று நினைத்துவிடாதீர்கள்.)

இனி சிங்கம். ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் இரண்டு ரிங் வந்தது. அரைமணி கழித்துக் கூப்பிட்டேன். நெற்றியில் வலது பக்கம் மட்டும் பொரிப்பொரியாக வந்திருக்கிறது, தீய்கிற மாதிரி எரிகிறது என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அக்கி. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டோம். குயவர் வீட்டுக்குப் போவோம். காவி மண்ணைக் குழைத்து, கொப்புளம் வந்த இடத்தில் சிங்கம் போடுவார்கள். மூன்று நாள் போட வேண்டும். அதை வரைவது என்று யாரும் சொல்வதில்லை. எழுதுவது என்றுதான் சொல்வோம். அக்கி எழுதறது.

"இருசம்மா கையால மூணு நாள் எழுதிக்க. காஞ்சிடும்" என்றேன்.

"நீதான் ரைட்டராச்சே. நீ வந்து எழுதேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். பின்னால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டது.

இருசம்மாள் கரியாலூர் கடைத்தெருவுக்குப் பின்னால் பானை வனைகிறவள். சின்ன வயதில் எனக்கும் விலாவில் எழுதியிருக்கிறாள். அவள் சிங்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. உடம்பு, பிடரி, நாலு கால் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு வருவாள். வால் நுனியில் ஒரு விரல் அகலம் மூடாமல் விட்டுவிடுவாள். ஏன் என்று அப்போதே கேட்டேன். "உள்ள பூந்தது வெளிய போவ வழி வேணாவா? பூட்டிட்டா உள்ளயே சுத்திக்கினு கெடக்கும்" என்றாள்.

அந்த ஒரு விரல் இடைவெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேண்டியிருக்கும்.

4

முதல் நாள் எழுதியதும் ஒரு ரிங் வந்தது. நல்லா இருக்கேன்.

இரண்டாம் நாள் ஒரு ரிங்.

மூன்றாம் நாள் சத்தீஸ்கரில் ஒரு காட்டு ஊரில் வண்டி நின்றிருந்தது. நானூறு அடி போயும் தண்ணீர் வரவில்லை. புழுதிதான் பறந்தது. காலை பத்து மணிக்கு ஒரு ரிங். நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்று. ஒரு ரிங், நின்றது. அப்புறம் இன்னொன்று.

வண்டி ஆபரேட்டர் பிரவீன்குமாரிடம் செல்லைக் காட்டினேன். "இன்னா ரைட்டரே, வூட்ல ஓவரா நல்லா கீறாங்க போல" என்றான். நானும் சிரித்தேன். மூன்று தரம் நல்லா இருக்கேன் என்கிறாள், அக்கி காய்ந்துவிட்டது, சந்தோஷத்தில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அனுப்பியது மூன்று ரிங். கஷ்டம் என்று அனுப்பினாள். ஒரே அழைப்பில் மூன்றாக விட வேண்டியதை மூன்று அழைப்பில் ஒவ்வொன்றாக விட்டிருக்கிறாள். தான் போட்ட கணக்கே அவளுக்கு அதற்குள் கலங்க ஆரம்பித்துவிட்டது.

[இந்த இடத்தில் "அந்தோ" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் அந்தோ என்று வாழ்க்கையில் சொன்னதில்லை.]

சாயந்திரம் பாறையில் உட்கார்ந்திருந்தவளை என் தங்கச்சி சந்தியாதான் பார்த்திருக்கிறாள். உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் சிங்கம் வியர்வையில் கலைந்து மூக்குவரை காவி இறங்கியிருந்தது. வா வீட்டுக்குப் போகலாம் என்று சந்தியா கையைப் பிடித்ததற்கு, எழில் செல்போனைக் காட்டி, "இந்த வெத்தலைய மூடு, கொட்டிக்கினே கீது" என்றாளாம். சந்தியா அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாளாம்.

அதையும் எழுதிவிடுகிறேன். சிரித்தது நான் மட்டும் இல்லை.

5

கரியாலூரில் முதலுதவி முடித்து, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார்கள். சந்தியா அங்கிருந்து கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே கிளம்பியிருப்பேன். அந்த ஊருக்கு ஒரே ஒரு தரைப்பாலம். அன்று இறங்கிய மழையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. வண்டி சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. ஆறு நாள்.

தண்ணீருக்காக நானூறு அடி தோண்டிய இடத்தில் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். இதைக் கதைக்காக நான் வைத்தேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் சந்தியா அழுதுகொண்டே கூப்பிட்டாள். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டுமாம். கையெழுத்து கேட்கிறார்கள். எழிலின் அம்மா செல்லியம்மாள் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறாள். முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் வராது என்று வார்டில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பிரவீன்குமார், "முதுகுலயே போர் போடறாங்களா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மழையில் போய் நின்றுகொண்டான்.

டாக்டரிடம் போனைக் கொடு என்றேன்.

6

இந்த டாக்டரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன்.

பெயர் ஹப்சா. கள்ளக்குறிச்சிக்காரர். வாப்பாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. சந்தியா சொன்னது இவ்வளவுதான். நான் அவரைப் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். முதல் பிரதியில் அவருக்குக் கண்ணாடி மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். ரொம்பப் பொறுமையானவர் என்று எழுதினேன். அதையும் எடுத்துவிட்டேன். ஒரு தரம் அவர் என்மேல் எரிந்து விழுந்திருக்கிறார். குரலுக்குப் பின்னால் எப்போதும் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நான் கேட்டது இதுதான்: "எத்தினி அடிங்க எறங்கும்?"

"நீங்க இன்னா வேல பாக்கறீங்க?" என்றார்.

சொன்னேன்.

"ரெண்டு மூணு அங்குலம்தாங்க. அடி எல்லாம் இல்ல. தண்டுவடம் முடிஞ்சதுக்குக் கீழதான் எடுப்போம். கால் போவாது. மருந்து நேத்தே ஏத்த ஆரம்பிச்சுட்டோம். உள்ள இன்னா நடக்குதுன்னு அந்தத் தண்ணிய பாத்தாதான் தெரியும்."

உள்ளே என்ன நடக்கிறது என்று துளை போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. சரி என்றேன். செல்லியம்மாளிடமும் பேசினேன். அரைமணி ஆனது.

அன்று மாலை டாக்டரே கூப்பிட்டார். சின்ன வயதில் எழிலுக்கு அம்மை போட்டிருந்ததா என்று கேட்டார். போட்டிருந்தது. அதே கிருமிதானாம். அம்மை இறங்கினாலும் அது போவதில்லை. நரம்பின் வேரில் ஒளிந்து தூங்கும். வருஷம் கழித்து எழுந்து தோலுக்கு வந்தால் அக்கி. எப்போதாவது யாருக்காவது உள்பக்கம் ஏறிவிடும். எழிலுக்கு ஏறிவிட்டது.

நான் எழுதச் சொன்னதைச் சொன்னேன். மூன்று நாள். அப்போதுதான் எரிந்து விழுந்தார். கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியில் வந்ததை மூன்று நாள் வைத்துக்கொண்டு உட்காருவார்களா என்றார். பிறகு குரல் இறங்கியது.

"எழுதறத வேணான்னு நான் சொல்லலங்க. எங்க வூட்லயே எழுதி இருக்காங்க. எழுதிக்கினே இங்கயும் வந்திருக்கலாம்."

"மூணு நாள் முன்ன வந்திருந்தா?"

யாரோ இருமினார்கள்.

"தெரியாதுங்க. முன்ன வந்திருந்தா நல்லது. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

அந்தத் "தெரியாதுங்க"வுக்காக அவரை நம்புகிறேன். பொய்ப் பாத்திரமாக இருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்.

7

அதன்பின் தினமும் பேசினார். பத்து நிமிஷம், சில நாள் இரண்டு நிமிஷம். மீதியை நான் செல்லில் படித்தேன். இங்கிலீஷில் இருந்ததை அந்தச் செல்போனையே தமிழாக்கிக் காட்டச் சொன்னேன். அது ஒரு மாதிரித் தமிழ். அதனால் இதில் தப்பு இருந்தால் என் தப்பு, டாக்டருடையது இல்லை.

உடம்பில் இருக்கிற ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்த செல் முதலில் செய்கிற காரியம் பக்கத்து செல்களுக்குச் சேதி அனுப்புவது. அந்தச் சேதி ஒரு பொருள், ஒரு மூலக்கூறு. இன்டர்ஃபெரான் என்று பெயர். இந்த மாதிரிச் சேதிப் பொருட்கள் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து சைட்டோகைன் என்கிறார்கள். அந்தச் சொல் என் வாயில் உட்காரவில்லை. நான் ரிங் என்றே எழுதிக்கொள்கிறேன்.

பேச்சு இல்லை. ரிங் மட்டும். அதைக் கேட்ட பக்கத்து செல்கள் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும். வைரஸ் வந்தாலும் பெருகவிடாதபடி ஆயுதம் தயார் செய்து வைத்துக்கொள்ளும். முதலில் அனுப்பிய செல்லுக்குப் பெரும்பாலும் அதற்குள் நேரம் கடந்திருக்கும். அது தனக்காக அனுப்பவில்லை.

[இங்கே இரண்டு பக்கம் எழுதினேன், எழிலைப் பற்றி. கிழித்துவிட்டேன்.]

மூளைக்குள் சும்மா யாரும் நுழைய முடியாதாம். ரத்தக்குழாயின் சுவரே செக்போஸ்ட் மாதிரி. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களைக்கூடச் சும்மா விடாது. வேறு ஒரு வகை ரிங் உள்ளேயிருந்து போக வேண்டும். இந்த வழியாக வா என்று கூப்பிடுகிற ரிங். அது கேட்டால்தான் அவை மலை ஏறும். எழிலின் முதுகுத் தண்ணீரில் அப்படி ஏறி வந்தவை நிறைய இருந்தன. "ஆளுங்க வந்துட்டாங்க, சண்ட நடக்குது" என்றார் டாக்டர்.

நல்லதா என்று கேட்டேன். நல்லதுதான், அளவோடு இருந்தால் என்றார். ரிங் கம்மியானால் வைரஸ் ஜெயிக்கும். ஜாஸ்தியானால் வருகிற கூட்டத்தால் மூளை வீங்கும். எங்கள் மலை ரோடு எனக்குத் தெரியும். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஏறினால் கொண்டையூசி வளைவில் ஆம்புலன்ஸ் நின்றுவிடும்.

ஒன்று மட்டும் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கவலையால் இல்லை. மற்ற இடத்தில் வெள்ளை அணுக்கள் வைரஸ் புகுந்த செல்லையே கொன்றுவிடும். போனால் போகட்டும், வேறு முளைக்கும். நரம்பு செல் முளைக்காது. போனால் போனதுதான். அதில் இருந்த ஞாபகமும் போனதுதான். அதனால் சில சமயம், எல்லா வைரஸுக்கும் இல்லை, எல்லா நேரமும் இல்லை, அந்த அணுக்கள் வந்து கொல்லாமல் நிற்கின்றன. பக்கத்தில் நின்று ஒரு ரிங் மட்டும் கொடுக்கின்றன. அதுவும் ஒரு இன்டர்ஃபெரான், வேறு ரகம். அதைக் கேட்டு அந்த நரம்பு செல் உயிரோடு இருந்தபடியே உள்ளே இருக்கிற வைரஸை அடக்குகிறதாம், வெளியேற்றுகிறதாம். பெரும்பாலும் எலிகளில்தான் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டை இடிக்காமல்.

டாக்டரிடம் கேட்டேன், எழிலுக்கு அப்படித்தான் நடக்கிறதா என்று. "நடந்தா நல்லா இருக்கும்ங்க" என்றார்.

8

விஜயவாடா தாண்டி மத்தியானத் தூக்கம். கனவு வந்தது. (கனவு எழுதினால் படிக்கிறவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு வார இதழில் படித்தேன். தள்ளுங்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.)

கல்வராயன் மலைதான். ஆனால் எழிலின் தலைக்குள் இருக்கிறது. மேகம் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. சரிவு முழுக்க வீடுகள். எல்லாவற்றிலும் விளக்கு. ஒரு வீட்டில் விளக்கு சிவப்பாக, காவி நிறத்தில் எரிகிறது. அந்த வீடு கத்தவில்லை. அதனிடமிருந்து ஒரு ரிங் வருகிறது. நிற்கிறது. ஒரு ரிங். நிற்கிறது. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகத் தாழ் போட்டுக்கொள்கிற சத்தம் சரிவு முழுக்க இறங்கிப் போகிறது, கொட்டிய புளியங்கொட்டை மாதிரி.

செக்போஸ்டில் கம்பி தூக்குகிறார்கள். ஆட்கள் கடப்பாரையோடு ஏறி வருகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். தோளில் பைப் இருக்கிறது. அந்த வீட்டுக்கு முன்னால் வந்ததும் முன்னால் போனவர் கடப்பாரையைத் தரையில் வைக்கிறார். எல்லாரும் வைக்கிறார்கள். நானும் பைப்பை இறக்கி வைக்கிறேன். இந்த மலையில் இடித்த வீட்டைத் திரும்பக் கட்ட முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டின் பின்பக்கம் ஒரு விரல் அகலம் திறக்கிறது. காவி நிறத்தில் ஏதோ ஒன்று புகை மாதிரி வெளியே போகிறது, காட்டுப் பக்கம்.

விளக்கு வெள்ளையாகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன்

[டீக்காரர் எழுப்பிவிட்டார். நான் ஜோடிக்கவில்லை. உண்மையாகவே எழுப்பிவிட்டார்.]

9

ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. கண் திறந்தாள். கஞ்சி குடித்தாள். ஆனால் பேச்சு இடம் மாறிக் கிடக்கிறது. சந்தியாவைப் பார்த்து ஏணி என்கிறாள். போர்வையைக் கேட்க மழை என்கிறாள். சந்தியா தன் செல்லில் என் போட்டோவைக் காட்டியிருக்கிறாள். ரொம்ப நேரம் பார்த்தாளாம். பிறகு, "பைப்பு" என்றாளாம்.

போர்வைக்கு மழை என்கிற மாதிரி எனக்குப் பைப்பா? இல்லை, பைப் மாட்டுகிறவன் என்று தெரிந்துதான் பைப்பா?

டாக்டரிடம் கேட்டேன். சொற்கள் திரும்பலாம், மெதுவாக வரும், சிலது வராமலும் போகலாம், இப்போதே முடிவுகட்ட வேண்டாம் என்றார். பிரவீன்குமார் என்னை ரயிலேற்றிவிட வந்தபோது அதைச் சொன்னேன். "பைப்புன்னா நீதான். வேற எவன்?" என்றான். கிண்டலே இல்லாமல் அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது முடிவுகள்.

(அ) மூன்றாவது மிஸ்டு காலிலேயே நான் புரிந்துகொள்கிறேன். சந்தியாவுக்குச் சேதி சொல்கிறேன். பகலிலேயே ஆஸ்பத்திரி. ஒன்றும் ஆகவில்லை. இது முடிவே இல்லை, ஆசை. ஆனாலும் நாலு தரம் எழுதினேன். நாலு தரமும் நன்றாக வந்தது.

(ஆ) நான் வார்டுக்குள் போகிறேன். அவள் திரும்பிப் பார்த்து, "இன்னா மாமா, இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே நம்பவில்லை.

(இ)

இ-யை எழுதவில்லை. எழுதினால் நடந்துவிடும் என்று பயம். எங்கள் ஊரில் எழுதுவது என்றால் சும்மா இல்லை என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

10

சென்னையில் இறங்கிப் பஸ் பிடித்தேன். இப்போது காலை. விழுப்புரம் தாண்டியாகிவிட்டது. பஸ்ஸில் கையெழுத்து கோணுகிறது. திருநாவலூருக்குப் பிரிகிற இடத்தில் பலகை தெரிகிறது. இரண்டு பக்கமும் கரும்பு. எழில் முதல் தரம் என்னோடு பஸ்ஸில் வந்தபோது இந்தக் கரும்பைப் பார்த்து, மலையில் மாதிரி தரை நிமிர்ந்து நிற்கவில்லை, எல்லாமே படுத்துக்கிடக்கிறது என்று

செல் அடிக்கிறது. திரையில் "எழில்".

ஒரு ரிங். நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இரண்டு. மூன்று. கை தானாகச் சட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. நான்கு.

இந்த ஒன்பது நாளும் சந்தியா தன் செல்லிலிருந்துதான் பேசினாள். எழிலின் செல் தலையணைக்கு அடியில் கிடந்தது. சந்தியா தன் செல்லில் சார்ஜ் இல்லாமல் அதை எடுத்திருக்கலாம். அவளுக்கு எங்கள் கணக்கு தெரியாது. மோசமான சேதி சொல்கிறவர்களும் நாலுக்கு மேல் அடிப்பார்கள். ஐந்து.

எழிலே எடுத்திருக்கலாம். கட் பண்ண வேண்டும் என்பதையே மறந்து, ரிங் போகிறதே என்று காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆறு.

இல்லை, ஒன்றையும் மறக்காமல் இருக்கலாம். மூணுக்கு மேல் போனால் நீ எடுத்துடுவ என்று அவள் சொன்னதே அவளுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஏழாவது ரிங்கில் எடுத்தேன்.

மூச்சு கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். அப்புறம் ஒரு சொல் வந்தது. ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல் என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதுவரை சிங்கத்தின் உடம்பு, பிடரி, நாலு கால் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வால் நுனி மட்டும் பாக்கி. ஒரு விரல் அகலம். அதில் எந்தச் சொல்லை வைப்பீர்களோ, வையுங்கள். நல்ல சொல்லாக வையுங்கள். உள்ளே போனது வெளியே போகட்டும்.

உளுந்தூர்பேட்டை வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி வண்டி எதிரில் நிற்கிறது. நோட்டை மூடுகிறேன். கோட்டை